வெள்ளை ஏலும் என் வலது கையும்

மே 2, வெள்ளி

நாலாவது மாவும் செத்துப் போச்சு. மூடியைத் திறந்தால் ஒரு குமிழி கிடையாது, ஒரு வாசனை கிடையாது. போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி அடியில் படுத்துக் கிடக்கிறது. சாக்கடையில் ஊற்றிவிட்டு, பாத்திரத்தை வெந்நீரில் கழுவி, மருந்து தெளித்து, மறுபடி கழுவிக் கவிழ்த்தேன். கழுவுவதில் என்னை மிஞ்ச இங்கிலாந்தின் இந்த டெவன் பக்கம் ஆள் கிடையாது. மாவுதான் வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது.

ஹிலரி வந்து எட்டிப் பார்த்தார். பியர் காய்ச்சுகிற இந்த ப்ரூவரி அவருடையது. எழுபது வயதிலும் பீப்பாயைத் தானே உருட்டுகிற பெண்மணி. நான் இங்கே தலைமை ப்ரூவர். தலைமைக்குக் கீழே யாரும் இல்லை என்பது வேறு விஷயம். ஆவுடைச்செல்வி என்ற பெயர் அவர் வாயில் நுழையாததால் 'ஆடி' என்று கார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

"ஆடி, பட்டென்று சொல்லிவிடுகிறேன். ஜூலைச் சந்தைக்கு வெள்ளை ஏல் வந்துவிட்டால் இந்தக் கதவு திறந்திருக்கும், நீ என் பங்காளி. வரவில்லையென்றால் ஆகஸ்டில் பூட்டைப் போட்டுவிட்டு நான் என் நாய்களோடு உட்காரப் போகிறேன். மற்ற பியரெல்லாம் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறதே, நாம் எதற்கு?"

கோபம் வரவில்லை. அவர் சொன்னது நியாயம். அதுதான் எரிச்சலாக இருந்தது.

மே 5, திங்கள்

தென்காசிக்கு போன் போட்டு அக்காவிடம் புலம்பினேன். வெள்ளை ஏல் என்றால் என்ன என்று அவளுக்கு மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

இந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு காலத்தில் இருந்த பானம் அது. மால்ட் என்கிற முளைகட்டிய பார்லியின் சாற்றில் முட்டையும் மாவும் அடித்து ஊற்றி, புளித்த மாவு கொஞ்சம் சேர்த்து, நுரைத்துப் பொங்கிக்கொண்டிருக்கும்போதே குடித்துவிட வேண்டும். பால் நிறமாக இருக்கும், இரண்டு நாளைக்கு மேல் தாங்காது. எங்கள் ஆல்டர்கோம் சந்தையை மேயர் இதைக் குடித்துத்தான் திறந்து வைப்பாராம். காய்ச்சுகிறவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர, பானமும் போய்ச் சேர்ந்தது. இப்போதெல்லாம் மேயர் பாலில் சைடர் என்கிற ஆப்பிள் மதுவைக் கலந்து ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறார், ஊரே கை தட்டுகிறது.

முட்டை, மாவு, மால்ட் எல்லாம் தெரிந்த சமாசாரம். அந்தப் புளித்த மாவை எப்படி எடுத்தார்கள் என்பதை மட்டும் ஒருவரும் வெளியே விடவில்லை. குடும்ப ரகசியமாம். காப்பாற்றிக் காப்பாற்றிக் கடைசியில் மண்ணுக்குள் கொண்டுபோய்விட்டார்கள், பாவிகள்.

"ஏட்டி, மாவு பொங்கலைன்னா எம்.எஸ்ஸி. படிச்சவ அழுதுக்கிட்டா இருக்கா?" என்றாள் அக்கா. "இங்க நேத்து பொங்கி வழிஞ்சு ஃப்ரிட்ஜுக்கு அடியில போயிட்டு."

"அது வேற, இது வேறக்கா. இதுல ஒவ்வொரு கிருமியும் என்ன ஏதுன்னு தெரிஞ்சுதான் விடணும். மாவைக் கொதிக்க வச்சு, ஆற வச்சு, பாக்கெட் ஈஸ்ட் போட்டு..."

"மாவைக் கொதிக்க வைக்கியா? அப்புறம் அது எப்படிட்டி உசுரோட இருக்கும்?"

படிப்பு இல்லாத பேச்சு என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு கொதிக்க வைப்பதை நிறுத்தினேன். அக்காவிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

மே 9, வெள்ளி

இன்று கவுன்சிலில் இருந்து உணவுப் பரிசோதகர் வரப் போகிறார் என்று ஹிலரி சொல்லியிருந்தார். முட்டையும் மாவும் போட்டு, புளித்துக்கொண்டிருக்கும்போதே விற்கிற பானம் என்பதால் அவர் சம்மதிக்காமல் சந்தையில் ஒரு குவளைகூட ஊற்ற முடியாது. கடிதத்தில் 'ஜி. தாசன்' என்று பெயர் போட்டிருந்தது. யாரோ டாசன் துரை என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தவர் நம்ம ஊர் நிறம். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில்லாத ஊரில் கறுப்புக் கண்ணாடி, வேண்டாத ஒரு டை. என்னிடம் இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்டுவிட்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து வெப்பமானி வைத்தார், தரையில் குனிந்து பீப்பாய்க்கு அடியில் டார்ச் அடித்தார். என் தரையில்! நான் அன்றாடம் தேய்க்கிற தரையில்!

"வந்துட்டாரு பெரிய கலெக்டர்" என்று முணுமுணுத்தேன்.

குனிந்தபடியே பதில் வந்தது, யாழ்ப்பாணத் தமிழில். "கலெக்டர் இல்லை, பரிசோதகர்தான். கலெக்டர் எண்டால் எனக்குக் காராவது தந்திருப்பினம்."

எனக்குக் காது வரை சூடு ஏறிவிட்டது. அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "குகதாசன். சாவகச்சேரி" என்றார். "தரை வடிவாய் இருக்கு. சாப்பாட்டைக் கீழை கொட்டிச் சாப்பிடலாம்."

அவர் போகிற வரைக்கும் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

மே 10, சனி

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் நேற்று இருந்தது. இன்றும் அப்படியே.

மே 16, வெள்ளி

ஆபீசர் மறுபடி வந்தார். விதியைச் சொன்னார்: மாவில் புளிப்பு ஏற ஏறக் கெட்ட கிருமி சாகும், ஆகவே புளிப்பு அவர் சொன்ன அளவுக்குக் கீழே இறங்காமல் நிற்க வேண்டும், அதை அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். நியாயம்தான். எனக்குத் தெரியாததா? ஆனால் புளிப்பு வந்தால் அல்லவா நிற்க? ஐந்தாவது மாவும் படுத்துவிட்டது.

"உங்கட சுத்தம் எனக்கே பயமாயிருக்கு" என்றார், சுவரைப் பார்த்து. சுவரெல்லாம் நான் எழுதி ஒட்டியவை: கையை வெளியே வை. கரண்டியைக் கொதிக்க வை. உன் விரல் வேறு யாருக்கும் வேண்டாம்.

"சுத்தத்துல என்ன பயம்?"

"இல்லை, நான் அப்பிடிச் சொல்லேல்லை. இங்கை வந்தால் என்ர கையை எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை."

அவர் கை அழகான கை என்று சொல்ல வரவில்லை. நகம் ஒட்ட வெட்டியிருக்கிறார், பரிசோதகருக்கு வேண்டிய லட்சணம், அதைக் குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

மே 24, சனி

அசிங்கம். எழுதவே கை கூசுகிறது.

காலையில் ஆறாவது மாவுக்குத் தவிடு நீக்காத கோதுமை மாவும் முட்டையும் தண்ணீரும் போட்டு வைத்தேன். கரண்டி கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன். வழக்கமான பேச்சு: சங்கரன்கோவிலில் ஒரு பையன் இருக்கிறானாம். பையனுக்கு நாற்பத்தெட்டு வயது.

"நாப்பத்தெட்டு வயசுப் பையனா? பேரன் இருக்கானாக்கா அந்தப் பையனுக்கு?"

"வாய் பேசு, நல்லா வாய் பேசு. நாப்பத்திமூணு வயசு ஆச்சு, இன்னமும் இப்படியே பீப்பாயைக் கட்டிக்கிட்டு அழு."

"பீப்பா குறட்டை விடாதுல்ல?"

இப்படியே ஏட்டிக்குப் போட்டியாகப் பேசிக்கொண்டு போனதில், அவள் போனை வைத்த பிறகு நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினால்... முழங்கை வரை மாவு. வீட்டில் தோசை மாவு கலக்குகிற மாதிரி வலது கையை முழுசாக விட்டு, அடியிலிருந்து அள்ளி அள்ளிக் கலக்கியிருக்கிறேன்! 'கையை வெளியே வை' என்ற என் அட்டைக்கு நேர் கீழே நின்றுகொண்டு!

உடனே கொட்டப் போனேன். வாசலில் மால்ட் லாரி வந்து ஹாரன் அடித்தது. மூடியைப் போட்டுவிட்டு ஓடினேன். மூட்டை இறக்கி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. நாளைக்குக் கொட்டிவிடுவேன்.

மே 25, ஞாயிறு

கொட்டவில்லை.

கதவைத் திறந்ததுமே வாசனை. புளிப்பும் இனிப்பும் கலந்து, வயிற்றைக் கிள்ளுகிற வாசனை. மூடி ஒரு பக்கம் கிடக்கிறது, மாவு ஒரு பக்கம் வழிகிறது, மேசையெல்லாம் நுரை, தரையெல்லாம் நுரை. குனிந்து காதை வைத்தால் சளசளவென்று பேசிக்கொண்டே இருக்கிறது. நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். பிறகுதான் துடைத்தேன்.

மே 27, செவ்வாய்

முதல் வெள்ளை ஏல்! மால்ட் சாற்றில் முட்டையும் மாவும் அடித்து, கொஞ்சம் ஜாதிக்காய் சீவிப் போட்டு, பொங்கிய மாவை ஊற்றி வைத்தேன். இன்று மத்தியானம் பாலாடை மாதிரி நுரை கட்டி நின்றது.

ஹிலரி ஒரு மடக்கு குடித்தார். வாயைத் துடைக்கவில்லை. இன்னொரு மடக்கு குடித்தார். பிறகு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தம் வைத்து, என் நெற்றியிலும் நுரையை அப்பிவிட்டு, "பெண்ணே, இது மோரும் மேகமும் சண்டை போட்ட மாதிரி இருக்கிறது. என்ன செய்தாய்?" என்றார்.

"மாவைக் கொதிக்க வைக்கவில்லை" என்றேன். பொய்யில்லையே.

ஜூன் 3, செவ்வாய்

கை இல்லாமலும் வரும் என்று நிரூபித்துவிட்டால் ஒருவரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஒரே மாவு, ஒரே முட்டை, மூன்று பாத்திரம். ஒன்றைக் கொதித்த கரண்டியால் கலக்கினேன். ஒன்றை என் கையால். மூன்றாவதை, "ஹிலரி, எனக்குத் தோள் வலிக்கிறது, கொஞ்சம் கலக்கி விடுங்களேன், கையாலேயே பரவாயில்லை" என்று அவரிடம் தள்ளிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கலக்கினார்.

கரண்டி மாவு: பசை. ஹிலரி மாவு: பொங்கியது, ஆனால் நனைந்த நாய் வாசனை. என் மாவு: பாத்திரத்தை விட்டு இறங்கி நடந்து போகாத குறை.

தோல் மேலே புளிக்க வைக்கிற கிருமிகள் குடியிருக்கும் என்று நானே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். என் கையில் நல்ல குடித்தனக்காரர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள் போல. அதற்காக அதை ஆபீசரிடம் போய்ச் சொல்ல முடியுமா? 'ஐயா, எங்கள் பியரில் என் முழங்கை இருக்கிறது' என்றா? அன்றே கதவுக்கு சீல் வைத்துவிடுவார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

ஆபீசர் வந்தார். புளிப்பு அளந்தார். மறுபடி அளந்தார். "சரியாய் வந்திருக்கு. என்ன மாத்தினனீங்கள்?"

"வெயில் வந்திருச்சுல்ல, அதான்."

ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"ஓம். நல்ல வெயில்" என்றார்.

வேலை நேரத்தில் குடிக்க மாட்டாராம், ருசி மட்டும் பார்ப்பாராம். ஒரு கரண்டி கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாயிலேயே வைத்திருந்தார். "புளிப்பு நிதானமாய் வருது. இன்னும் ஒரு கரண்டி தாங்கோ, முதல் கரண்டியிலை முடிவெடுக்கேலாது." அதற்கப்புறமும் முடிவெடுக்க அவருக்கு இரண்டு கரண்டி தேவைப்பட்டது.

அரை மணி நேர வேலை. மத்தியானம் வரைக்கும் நின்றார். நான் கொண்டு போயிருந்த எலுமிச்சம் சாதத்தில் பாதி அவருக்குப் போயிற்று. ஒரு அரசாங்க ஆபீசர் இவ்வளவு மந்தமாகவா வேலை பார்ப்பது? எனக்கு இன்றைக்கு வேலை ஒன்றும் ஓடவில்லை.

ஜூன் 13, வெள்ளி

எலுமிச்சம் சாதம் நிறையக் கிளறிவிட்டேன். ஆபீசர் வருகிற நாள் இல்லை. ஹிலரியும் நாய்களும் சாப்பிட்டார்கள்.

ஜூன் 14, சனி

அக்கா: "அந்த ஆபீசர் பேரு என்னட்டி?"

"எதுக்கு?"

"இல்ல, நீ மாவைப் பத்திப் பேசினா ரெண்டு வார்த்தை, அவரைப் பத்திப் பேசினா ரெண்டு கட்டுரை. அதான் பேரைக் கேட்டு வச்சுக்கிடுவோம்னு."

"சோலியப் பாருக்கா. அவரு எனக்குத் தொந்தரவு. அதான் பேசுதேன்."

"தொந்தரவா... நல்ல தொந்தரவுதான். சங்கரன்கோவில்காரங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிடவா?"

"அதை என்னிக்கோ சொல்லியிருக்கணும்" என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

வந்தது வினை. சந்தைக்கு அனுமதி தருவதற்கு முன்னால் ஒரு முறை மாவு கலக்குவதிலிருந்து ஏல் ஊற்றுவது வரை எல்லாவற்றையும் கூடவே நின்று பார்க்க வேண்டுமாம். ஜூலை இரண்டாம் தேதி வருகிறார்.

கரண்டியால் கலக்கினால் மாவு சாகும், ஏல் கிடையாது, ஆகஸ்டில் பூட்டு. கையால் கலக்கினால் அவர் கண் முன்னால் கலக்க வேண்டும், அனுமதி கிடையாது, ஆகஸ்டில் பூட்டு. எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

ஜூலை 1, செவ்வாய்

ஹிலரியிடம் சொல்லிவிட்டேன். அவர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். சிரிப்பு! நிற்க முடியாமல் மால்ட் மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார்.

"சுவரெல்லாம் 'கையை வெளியே வை' என்று ஒட்டியவளா? என் பிறந்தநாள் கேக்கைக்கூட இடுக்கியால் எடுத்துக் கொடுத்தவளா?"

"சிரிக்காதீங்க ஹிலரி. நாளைக்கு அவர் வருகிறார். நான் என்ன செய்ய?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "எனக்கு ஏல் வேண்டும்தான். ஆனால் அந்த மனிதரை ஏமாற்றி எடுத்த ஏல் வேண்டாம். உனக்கும் வேண்டாம் என்று உன் முகத்திலேயே எழுதியிருக்கிறது."

முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று போய்க் கண்ணாடியில் பார்த்தேன். தூக்கமில்லாத கண்தான் தெரிந்தது. இந்த ப்ரூவரி எனக்கு வேண்டும். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை, என் உயிரைக் காட்டிலும் வேண்டும்.

ஜூலை 2, புதன்

காலையில் வந்துவிட்டார். இன்றைக்கு டை இல்லை. நான் மாவையும் முட்டையையும் போட்டேன். கொதித்த கரண்டியை எடுத்தேன். பாத்திரத்துக்கு மேலே பிடித்தபடி நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

"என்ன, கரண்டியிலை பிழையோ?"

கரண்டியைக் கீழே வைத்தேன். வாட்சைக் கழற்றினேன், வளையலைக் கழற்றினேன், முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தேன். அவர் கண்ணைப் பார்க்காமல் கையை உள்ளே விட்டேன்.

"இப்படித்தான் வருது. கரண்டி போட்டா செத்துப் போகுது. வெயில்னு சொன்னது பொய். இப்ப என்ன எழுதணுமோ எழுதிக்கோங்க."

அடியிலிருந்து அள்ளி அள்ளிக் கலக்கினேன். திரும்பிப் பார்த்தால் மனிதர் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்.

"இதையோ இவ்வளவு நாளும் ஒளிச்சனீங்கள்?"

"ஆமா."

"பேக்கரிக்காரன் என்ன காலாலையோ பிசையிறான்?"

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார்: கையால் சாப்பாட்டுப் பொருளைத் தொடக்கூடாது என்று சட்டமே இல்லையாம். கழுவிய கை, வெட்டிய நகம், புண் இல்லாத தோல், நகை இல்லை. அவ்வளவுதானாம். பாத்திரத்தில் வளர்வது நல்ல கிருமி என்று ஆய்வகம் சொல்லிவிட்டால் போதுமாம். "கை பிழையில்லை. அந்த அட்டையெல்லாம் நீங்களே எழுதி ஒட்டினது. சட்டம் எழுதேல்லை."

இதற்காகவா ஐந்து மாவைச் சாக்கடையில் ஊற்றினேன்? என் சட்டத்துக்கு நானே பயந்து நடுங்கியிருக்கிறேன்! அட மண்டூகமே!

பிறகு ஆய்வகத்துக்கு அனுப்ப என் கையிலிருந்து மாதிரி எடுத்தார். பஞ்சுக் குச்சி. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கை, விரலிடுக்கு, மறுபடி உள்ளங்கை. ஒரு கையைத் துடைக்க இவ்வளவு நேரமா ஆகும்? ஆகட்டுமே என்று இருந்தது. 'முடிஞ்சுதா?' என்று நான் கேட்கவில்லை. முடிந்தது என்று அவரும் சொல்லவில்லை. கடைசியில் ஹிலரியின் நாய் ஒன்று உள்ளே வந்து குரைத்தது.

ஜூலை 4, வெள்ளி

ரிசல்ட் வரவில்லை.

ஜூலை 7, திங்கள்

வரவில்லை. ரிசல்ட்டும்தான்.

ஜூலை 9, புதன்

ரிசல்ட் வந்தது: எல்லாம் நல்ல கிருமி. குதித்தேன். அதே மின்னஞ்சலின் கடைசி வரியை ஹிலரி வாசித்தார்: பரிசோதகர் குகதாசன் தனிப்பட்ட காரணங்களால் இந்த விஷயத்திலிருந்து விலகிக்கொண்டார். அவர் கண்டது எதுவும் கணக்கில் வராது. வேறு அதிகாரி வந்து முதலிலிருந்து பார்ப்பார்.

எனக்கு வந்ததே கோபம்! சந்தைக்குப் பத்து நாள் இருக்கும்போது கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டாரே! கையை விட்டுக் கலக்கியதைப் பார்த்து அருவருத்துவிட்டார், மூஞ்சிக்கு நேரே சிரித்துவிட்டு முதுகுக்குப் பின்னால் கழன்றுகொண்டார் என்று கத்தினேன். தமிழிலும் கத்தினேன். அழுதேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஹிலரி கேட்டுக்கொண்டே இருந்தார். "நான் கவுன்சிலில் உறுப்பினராக இருந்தவள், ஆடி. தனிப்பட்ட காரணம் என்று ஒரு அதிகாரி எழுதினால், அவர் நேர்மையாக முடிவெடுக்க முடியாது என்று அர்த்தம். நீ அவருக்குச் சொந்தமா?"

"இல்லை."

"நம் ப்ரூவரியில் அவருக்குப் பங்கு இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியானால் மிச்சம் ஒரே ஒரு காரணம்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் ஒரு குவளை தண்ணீர் குடித்தேன். பிறகு இன்னொரு குவளை.

ஜூலை 10, வியாழன்

அக்காவிடம் பேசவில்லை. பேசினால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

ஜூலை 14, திங்கள்

புது அதிகாரி திருமதி பிரிட்சர்ட் வந்தார். சிரிக்காத முகம். முதல் பாத்திரத்தைக் கலக்க நான் கையைக் கழுவும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தார், விரலை விரிக்கச் சொன்னார், நகத்தைப் பார்த்தார். கை மாவுக்குள் போனபோது புருவம் ஒரு இழை ஏறி இறங்கியது. நான் கலக்குவதை நிறுத்தவில்லை.

ஜூலை 16, புதன்

திருமதி பிரிட்சர்ட் மறுபடி வந்து புளிப்பு அளந்து, ஏலைப் பார்த்து, "சரி, ஊற்றலாம்" என்றார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, சந்தையில் எத்தனை மணிக்குத் தீர்ந்துபோகும் என்று விசாரித்தார். அவர் வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டுமாம்!

ஜூலை 17, வியாழன்

சந்தைக்கான பெரிய தொட்டி. ஒரு கை போதவில்லை, இரண்டு கையையும் தோள் வரை கழுவிக்கொண்டு இறங்கினேன். வெளியே கோடைகாலம் என்று பெயர், குளிர்காற்று ஊளையிடுகிறது. மாவு அசையவே இல்லை. ஹிலரி வெந்நீர்ப் பையும் நாய்ப் போர்வையும் கொண்டு வந்தார். நாய்ப் போர்வையா, செத்தாலும் கூடாது என்றேன். சாயங்காலம் தொட்டிக்கு வெளியே மட்டும் சுற்றிக்கொள்ளச் சம்மதித்தேன்.

ஜூலை 18, வெள்ளி

பொங்கிடுச்சு! பொங்கிடுச்சு!

ஜூலை 19, சனி

எங்கிருந்து ஆரம்பிக்க? காலையிலிருந்து சிரித்துச் சிரித்துக் கன்னம் வலிக்கிறது.

காலையில் சந்தை மணி அடித்தது. மேயர் தங்கச் சங்கிலியோடு மேடை ஏறினார். பழக்க தோஷத்தில் குடிப்பதற்கு முன்னாலேயே முகத்தைச் சுளித்துக்கொண்டு குவளையைத் தூக்கினார். ஒரு மடக்கு. சுளித்த முகம் அப்படியே மலர்ந்தது. குவளையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, மைக்கைப் பிடித்துப் பேச வேண்டியவர், "இன்னொன்று" என்றார். சந்தையே அதிர்ந்தது. அதற்குப் பிறகு எங்கள் மேசைக்கு முன்னால் நின்ற வரிசை தேவாலயத்தைச் சுற்றி வளைந்து போயிற்று. கிழவர், கிழவி, லாரி ஓட்டுகிறவர், பாதிரியார், எல்லார் மூக்குக்குக் கீழேயும் வெள்ளை மீசை. திருமதி பிரிட்சர்ட்டின் வீட்டுக்காரர் இரண்டு குவளையோடு போனார். திருமதி பின்னாலேயே வந்து தனக்குத் தனியாக ஒன்று வாங்கினார்.

ஹிலரி நாற்காலி மேல் ஏறி, ப்ரூவரியை மூடப்போவதில்லை, இனிமேல் இது தனக்கும் ஆடிக்கும் பாதிப் பாதி என்று கத்திச் சொன்னார். கண்ணீர் கண்ணை மறைத்ததில் ஒரு பெரியவரின் ஷூவில் ஏலை ஊற்றிவிட்டேன். அவர், "பரவாயில்லை அம்மா, அதற்கும் தாகமாக இருக்கும்" என்றார்.

அப்புறம் வரிசையில் அடுத்த ஆள். நீலச் சட்டை, டை இல்லை, கறுப்புக் கண்ணாடி இல்லை.

"ஒரு முழுக் குவளை தாங்கோ" என்றார் குகதாசன். "இண்டைக்கு லீவு."

ஊற்றினேன். அவர் முகத்தையே பார்த்து ஊற்றியதில் நுரை வழிந்தது. அவர் நின்ற இடத்திலேயே முழுவதையும் குடித்தார்.

"எதுக்கு விலகிப் போனீங்க?" என்றேன். கேட்கக் கூடாது என்று பத்து நாளாக வைத்திருந்த கேள்வி, தானாக வந்து விழுந்தது.

"உங்கட ஏல் எப்பிடி இருந்தாலும் நான் நல்லது எண்டுதான் எழுதியிருப்பன். அது பிழையெல்லே?"

"என்கிட்ட ஒரு வார்த்தை நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னனான். என்ர மேலதிகாரிக்கு எழுத்திலை சொன்னனான், அவவுக்கு மேலை உள்ளவருக்கும் சொன்னனான். டெவன் கவுன்சில் முழுக்கத் தெரியும். உங்களுக்குச் சொல்லத்தான் பயமாய்க் கிடந்தது."

பின்னாலிருந்து யாரோ, "வரிசை நகரட்டும்!" என்று கூப்பாடு போட்டார்கள். ஹிலரி எனக்குப் பக்கத்தில் நின்று எதுவும் புரியாத மாதிரி குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாத அந்த மனுஷிக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவர் காது சொன்னது.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு" என்றேன். "ரொம்ப நாளாவே பிடிச்சிருக்கு. இப்ப ஆளுங்க நிக்காங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். அடுத்த ஆளுக்கு ஊற்றினேன், அதற்கடுத்த ஆளுக்கு ஊற்றினேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். போகவில்லை. வெறும் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, மழை தூறத் தொடங்கிய பிறகும், பீப்பாயில் கடைசிச் சொட்டு தீரும் வரைக்கும் அங்கேயே நின்றார்.